முதல் நாள் டியூபை எடுத்து வைத்தவர்களுக்கு நன்றி

சென்னை

கணைய அழற்சி ஆய்வுக்கு ரத்தம் தந்தவர்களுக்கும், நீண்ட கேள்வித்தாளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்களுக்கும், வார்டிலும் லேபிலும் வழியிலும் கைகொடுத்தவர்களுக்கும்,

வணக்கம்.

நெஞ்சுக்குழியில் பிடித்து முதுகு வரை பாயும் வலி. குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை, மல்லாந்து படுத்தால் தாங்க முடியவில்லை. கேஸ், அல்சர் என்று சோடா குடித்தே பலருக்கு ஒரு நாள் வீட்டில் போயிருக்கும். இப்படிப்பட்ட வலியோடு, கணையம் சுரக்கும் லைபேஸ் என்ற என்சைமின் அளவும் ரத்தத்தில் இயல்பின் உச்ச வரம்பைவிட மூன்று மடங்கைத் தொட்டுவிட்டால், கணைய அழற்சி என்று சொல்ல ஸ்கேன்கூடத் தேவையில்லை. ஆக, நோயைக் கண்டுபிடிப்பது பெரிய பாடில்லை. ஏன் வந்தது என்பதுதான் நழுவிப் போகும். இந்த நோயின் காரணங்களில் பல, வந்த சில நாளிலேயே தம் தடத்தைத் தாமே அழித்துக்கொள்கின்றன. தடம் அழிவதற்குள் பிடித்துக் கொடுத்தவர்கள் நீங்கள். யார் பெயரையும் சொல்லாமல், செய்த வேலையைச் சொல்லி நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி அவசரப் பிரிவு சிஸ்டர்களுக்கு. டிரிப் ஏற்றுவதற்கு முன்பே ஒரு டியூப் கூடுதலாக எடுத்து, நேரம் எழுதி வையுங்கள் என்று கேட்டிருந்தோம். நள்ளிரவு கூட்டத்தில் அது எவ்வளவு தொல்லை என்பது தெரியும். ஆனால் அந்த ஒரு டியூபில்தான் விஷயமே இருக்கிறது. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினால் அதுவே கணையத்தைத் தாக்கக்கூடியது. நோயாளி சாப்பிடாமல் இரண்டு நாள் டிரிப்பில் இருந்தாலோ, அந்த அளவு மளமளவென்று இறங்கிவிடும். மூன்றாம் நாள் ரத்தத்தில் 400 என்று வரும். 'கொழுப்பு காரணமில்லை' என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். அவரும் மாத்திரை இல்லாமல் வீட்டுக்குப் போய், சில மாதத்தில் அதே வலியோடு திரும்பி வருவார். டியூபைச் சுழற்றிய பின் சீரம் பால்போல் வெளுத்திருந்தால் அதையும் லேபில் குறித்து வைத்தீர்கள். அந்த வெண்மை, லைபேஸ் போலவே கணைய நோயைக் காட்டும் அமைலேஸைக் குறைத்துக் காட்டும், சில கருவிகளில் சோடியத்தையும் பொய்யாக இறக்கிவிடும். அமைலேஸ் சரியாக இருக்கிறதே என்று நாமும் ஏமாந்துபோவோம்.

கால்சியம் இதைவிடத் தந்திரமானது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் கோளாறால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, அதனால் கணையம் அழற்சி அடைவதுண்டு. ஆனால் அழற்சி தொடங்கியதும், கணையத்தைச் சுற்றிச் சிதைந்த கொழுப்பு கால்சியத்தை இழுத்து சோப்புபோல் கட்டிக்கொள்ளும். கூடியிருந்த கால்சியம் அன்றைக்கு இயல்பாகவோ குறைவாகவோ தெரியும். உடம்பு தேறிய பிறகு இன்னொரு முறை பார்த்தால்தான் உண்மை வெளிவரும். அந்தச் சோதனையும் கெட்டுப்போக இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கையில் பட்டையை இறுக்கிக் கட்டி நீண்ட நேரம் விட்டுவிடுவது. கால்சியம் கூடுதலாகக் காட்டும். மற்றது, ஊதா மூடி டியூபை முதலில் நிரப்புவது. அதிலுள்ள இ.டி.டி.ஏ. கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் பொருள். அதன் சிறு கலப்பு சீரம் டியூபுக்குள் வந்தாலே கால்சியம் விழும், பொட்டாசியம் ஏறும். சீரம் டியூப் முதலில், மரபணுவுக்கான ஊதா டியூப் கடைசியில் என்ற வரிசையை மறக்காமல் காத்த ரத்தம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனி வணக்கம்.

ஸ்கேன் அறை மருத்துவர்களுக்கு: முதல் நாள் குடலில் காற்று நிறைந்திருப்பதால் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி தெரியாது. பித்தக்கல் இல்லை என்று எழுதாமல், தெரியவில்லை என்று எழுதினீர்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. சிறு கற்கள் நழுவிக் குடலுக்குள் போய்விட்டால் பிறகு தேடிப் பயனில்லை. முதல் நாள் கல்லீரல் என்சைமான ஏ.எல்.டி. 150-ஐத் தாண்டியிருந்தது என்ற ஒரு குறிப்புதான் கல் வந்துபோனதற்குச் சாட்சி.

இனி, கேள்வித்தாள். அதை நாங்கள் எழுதினோம் என்று சொல்வதைவிட நீங்கள் திருத்தினீர்கள் என்பதே சரி. 'ஒரு நாளைக்கு எத்தனை பெக்?' என்று முதலில் அச்சிட்டிருந்தோம். ராயபுரத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்து, "யாரு சார் பெக்ல குடிக்கறாங்க? குவார்ட்டரா, கட்டிங்கானு கேளுங்க" என்றார். அதன் பிறகுதான் கணக்கு கணக்காக வந்தது. குவார்ட்டர் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்றிருந்தால் அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 61 கிராம். 10 கிராமை ஓர் அலகாக வைத்தால் ஆறு அலகு. இருவர் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் என்றால் 41 கிராம். பீர்தானே என்று கணக்கில் சேர்க்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். பாட்டில் கணக்காகக் கேட்டதும் சொன்னார்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போது ஒரு பதில், அவர் டீ வாங்கப் போனபின் இன்னொரு பதில் என்று வந்ததும் உண்டு. இரண்டாவதைத்தான் எழுதிக்கொண்டோம். கோபித்துக்கொள்ளாத இல்லத்தரசிகளுக்கும் நன்றி.

பீடி, சிகரெட்டை யாரும் மறைக்கவில்லை, ஏனென்றால் அதற்கும் கணையத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. புகை தனியாகவே காரணமாகும், எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடும், குடியோடு சேர்ந்தால் இன்னும் மோசம். குடியை விட்டவர்கள் பலர் பீடியை விடவில்லை. டாக்டர்களே அதைக் கேட்காமல் விடுவது எங்களுக்கு இன்றும் வருத்தம்தான்.

உணவுக் கேள்விகளில் ஒரு பொறி ஒளிந்திருந்தது. 'எண்ணெய் எவ்வளவு?' என்று கேட்டால், வலி வந்த பிறகு பயந்து மாற்றிக்கொண்ட இட்லி, கஞ்சி உணவைச் சொல்வார்கள். அதை நம்பினால், எண்ணெய் சேர்க்காதவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்று முடிவு வரும்! ஆகவே முதல் வலிக்கு முந்தைய பொங்கலோ தீபாவளியோ நினைவிருக்கிறதா, அப்போது வீட்டில் மாதத்துக்கு எத்தனை பாக்கெட் எண்ணெய், எத்தனை பேர் சாப்பிட்டீர்கள் என்று பின்னோக்கிக் கேட்டோம். குழம்புக் கரண்டியையும் டம்ளரையும் நீட்டி அளவு காட்டிய அம்மாக்கள் இல்லாமல் அந்தப் பக்கங்கள் வெற்றாகத்தான் இருந்திருக்கும்.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றிக் கேட்டதும் பலர் பயந்துவிட்டீர்கள். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1959-இல் இந்தோனேசியாவிலிருந்து சூடெமா, ஊட்டக்குறைவுள்ள இளைஞர்களிடம் கல் அடைத்த கணையத்தையும் சர்க்கரை நோயையும் சேர்த்து விவரித்தார். கேரளத்தில் கீவர்கீஸ் இதே நோயை ஏராளமானோரிடம் கண்டு எழுதினார். இரண்டு இடத்திலும் மரவள்ளி முக்கிய உணவு. அதிலுள்ள லினமரின் சயனைடைத் தரும். சந்தேகம் இயல்பாகவே அங்கே விழுந்தது. ஆனால் மரவள்ளியைத் தொடாத ஊர்களிலும் இந்த நோய் இருந்தது. மரவள்ளியே சோறாக இருக்கும் சில நாடுகளில் இது பெரிதாகக் காணப்படவில்லை. பிறகு மான்செஸ்டரின் ஜோன் பிராகன்சா சென்னை மருத்துவர்களோடு சேர்ந்து, மண்ணெண்ணெய் போன்றவற்றின் புகை உடலில் செய்யும் வேலையை ஆராய்ந்தார். ஸ்டவ் அடுப்பு இருந்ததா என்று நாங்கள் கேட்டதன் காரணம் அதுதான். ஜவ்வரிசிப் பாயசம் சாப்பிடலாமா என்று கேட்டவர்களுக்கு: தாராளமாக.

நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்காக ரத்தம் தந்த கணவன், மனைவியருக்கு எப்படி நன்றி சொல்வது? வலியே இல்லாமல் ஊசி குத்திக்கொண்டவர்கள். ஒரே வீட்டுச் சாப்பாடு, வேறு வேறு மரபணு என்பதால் துணைவரை ஒப்பிடுவது வசதி. நம் ஊரில் அதிலும் ஒரு சிக்கல்: மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டியிருந்தால் மரபணுவும் பங்கு போட்டதுதான். 'சொந்தத்தில் கல்யாணமா?' என்ற கேள்விக்கு வெட்கப்படாமல் பதில் சொன்னதால் அந்த ஜோடிகளைத் தனியாக ஒதுக்க முடிந்தது. உணவை ஒப்பிடத் துணைவர் உதவமாட்டார், ஒரே அடுப்பாயிற்றே. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

மரபணு முடிவைப் பார்த்துக் கலங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. 1996-இல் பரம்பரைக் கணைய அழற்சிக்குக் காரணமான டிரிப்சினோஜன் மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். 2000-இல் ஸ்பிங்க்1 என்ற இன்னொரு மரபணு வந்தது. டிரிப்சினோஜனிலிருந்து வரும் செரிமான என்சைமான டிரிப்சின், கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு கணையத்தையே செரிக்காமல் தடுக்கும் பூட்டு இந்த ஸ்பிங்க்1. அதன் என்34எஸ் என்ற மாற்றம் இந்தியாவின் வெப்பமண்டலக் கணைய அழற்சி (மேலே சொன்ன, கல் அடைத்த கணைய நோய்) நோயாளிகளில் கணிசமானோரிடம் இருக்கிறது. ஆனால் எந்த நோயும் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஓரிருவரிடம் அது உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. பூட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவே. பெண் பார்க்கும் இடத்தில் சொல்ல வேண்டிய செய்தி இல்லை இது.

ஐஸ் பெட்டியோடு வெயிலில் ஓடிய ஆட்டோ அண்ணன்களுக்கு: டியூபை ஐஸ்மேல் நேராக வைக்காமல் துணி சுற்றி நிற்க வைத்தீர்கள். ஐஸில் ஒட்டினால் ரத்தம் உறைபனியாகி அணுக்கள் உடைந்துவிடும், அந்த டியூப் குப்பைக்குத்தான். மலப் பரிசோதனைக்கு டப்பா கொண்டுவரக் கூச்சப்பட்டும் கொண்டுவந்தவர்களை மறக்கமாட்டோம். கணையம் சுரந்து மலத்தோடு வெளியேறும் எலாஸ்டேஸ் என்ற என்சைம் ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் கணையம் செரிமான நீரைக் குறைவாகச் சுரக்கிறது என்று பொருள். பேதியான நாளில் எடுத்தால் நீர் கலந்து பொய்யாகக் குறையும். அதனால்தான் சிலரை இரண்டாம் முறை கேட்டோம். மின்சாரம் போன இரவுகளில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரின் கதவைத் திறந்து பார்க்காமல் இருந்த காவலாளிக்கும் நன்றி. திறக்காமல் இருப்பதுதான் அங்கே பெரிய உதவி.

உங்களுக்குத் திருப்பித் தர எங்களிடம் இப்போதே இருப்பவை சில. பித்தப்பைக் கல்லால் வந்த லேசான அழற்சி என்றால், வீட்டுக்குப் போய் நல்ல நாள் பார்த்து வர வேண்டாம். அதே சேர்க்கையிலேயே பித்தப்பையை எடுப்பது கல்லால் மீண்டும் வரும் தொல்லைகளைப் பெரிதும் குறைக்கிறது என்று நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2015-இல் காட்டியது. இ.ஆர்.சி.பி. (வாய்வழியாகக் குழாய் விட்டுப் பித்தநாளத்தையும் கணையநாளத்தையும் பார்க்கும் சிகிச்சை) செய்யப் போகிறவர்கள், 100 மில்லிகிராம் இண்டோமெதசின் ஆசனவாய் மாத்திரை உண்டா என்று கேளுங்கள். அந்தச் சிகிச்சையால் வரும் அழற்சியை அது குறைக்கிறது என்பது 2012-இலிருந்து தெரிந்ததே. என்சைம் கேப்சூல் எடுப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன்னாலோ முடிந்த பின்னாலோ விழுங்கினால் முழுப் பலன் கிடைக்காது; முதல் கவளத்தோடு கொஞ்சம், நடுவில் மிச்சம். மெல்லக் கூடாது, சூடான சாம்பாரில் கொட்டவும் கூடாது.

மறுபரிசோதனைக்கு இன்னும் வராதவர்கள், வலி வந்து ஆறு வாரம் கழித்துக் காலையில் வாருங்கள். 12 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், காபி வேண்டாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அந்தக் காலை டோஸைப் பற்றி முந்தின நாளே உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கணையம் கெட்டவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்வது அதிகம். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையின் அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலங்கள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். தந்த மாதிரியை ஆய்விலிருந்து விலக்கிக்கொள்ள நினைப்பவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்திட்ட தமிழ்ப் படிவத்தின் உங்கள் பிரதியைக் காட்டினால் போதும், அன்றே அழித்துவிடுவோம். ரத்தம் எடுத்து முடித்ததும் இட்லியும் டீயும் எங்கள் செலவு.

அன்புடன்,
கணைய அழற்சி ஆய்வுக் குழுவினர்