குளிர்கடலில் தனியே இறங்குவோரைக் கரை சேர்ப்பவர்களுக்கு

வணக்கம்.

முன்பின் தெரியாத கரையில், 10 டிகிரிக்கும் கீழான தண்ணீரில், துணையில்லாமல் சர்ஃபிங் போகிறவர்களுக்காக மெனக்கெடும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி உள்ளூர் மீனவர்களுக்கு. ஒன்றரை மீட்டர் அலை 8 விநாடி இடைவெளியில் வருவது வேறு, 14 விநாடியில் வருவது வேறு. இரண்டாவது நெடுந்தூரம் கடந்து வருவது. அடியில் வலு அதிகம். ஒரு கூட்டம் அலை வந்து போனதும் கடல் வெகுநேரம் சும்மா கிடக்கும், இறங்கலாம் என்று தோன்றும். "இருபது நிமிஷம் பார்த்துட்டு இறங்குங்க" என்று நீங்கள் தடுத்து நிறுத்துவது அதனால்தான். அலை உடையாமல், கலங்கலாக, நுரை கடல் பக்கமாக நகரும் அந்தப் பட்டையைக் கைநீட்டிக் காட்டுகிறீர்கள். தண்ணீர் திரும்பிப் போகும் வழி அதுதான். ஆறு மணி நேர ஏற்றத்தில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் ஏறிவிடும் என்பதால், வற்றத்தில் பார்த்த பாறை எப்போது மூழ்கும் என்பதையும் நீங்கள்தான் சொல்கிறீர்கள்.

குளிர்நீரில் உடலைச் சூடாக வைக்கும் ரப்பர் உடையான வெட்சூட்டைப் பழுது பார்ப்பவர்களுக்கும் நன்றி. தையல் விட்ட இடத்தில், அலைக்கு அடியில் முங்கும் ஒவ்வொரு முறையும் குளிர்நீர் சரேலென்று முதுகில் இறங்கும். அப்புறம் 5 மில்லிமீட்டர் தடிமனில் சூட் இருந்தும் பயனில்லை. நன்றாகக் காய்ந்த கிழிசலின் இரு முகத்திலும் பசையை மெல்லியதாகத் தடவி, ஒட்டும் பதம் வரும்வரை சில நிமிடம் விட்டு, மறுபூச்சும் கொடுத்து அழுத்துகிறீர்கள். ஈரப் பசையோடு அவசரமாக ஒட்டினால் முதல் இழுப்பிலேயே பிரிந்துவிடும். பொறுமையாகச் செய்யும் இந்த வேலை பெரிய உதவி.

உயிர்காப்புப் படகுக் குழுவினருக்குத் தனி நன்றி. 1824இல் தொடங்கிய, பிரிட்டன், அயர்லாந்து கடல் மீட்புத் தொண்டு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ.யின் படகுகளில் போகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். குளிர்நீர் பட்டதும் மூச்சு திணறும், நீந்த முயலாமல் மல்லாந்து மித, இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் என்று ஓயாமல் சொல்லித் தருகிறார்கள். காலையும் போர்டையும் இணைக்கும் லீஷ் கயிறு அறுந்தவர்களைக் காப்பாற்றும் பாடம் அது. கிளவுஸுக்குள் சுண்டுவிரல் கட்டைவிரலைத் தொட மறுத்தால் அந்த நிமிடமே கரைக்குத் திரும்ப வேண்டும். விறைத்த கை போர்டைப் பிடிக்காது. கரையில் இருந்து கடலுக்குக் காற்று வீசும் நாளில் போர்டு கைவிட்டுப் போனால், நீந்திப் பிடிக்க முடியாது.

கரையேறியவரைச் சுடுதண்ணீரில் நிறுத்தாமல் துவட்டி, காய்ந்த துணியும் குல்லாயும் போட்டு, இனிப்பான சூடான பானம் கொடுத்து, நடுக்கம் நிற்கும்வரை வண்டி ஓட்ட விடாதவர்களே, உங்களுக்கும் நன்றி. வெளியே வந்த பிறகும் சிறிது நேரம் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, இறங்கும் இடம், திரும்பும் நேரம், சூட், போர்டு நிறம் எழுதிய சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு போனுக்காகக் காத்திருப்பவர்களே: உடை மாற்றிய கையோடு அழைத்துவிடுகிறோம். மறந்தால், ஆளில்லாத கடலில் மீட்புப் படகு தேடிக்கொண்டிருக்கும்.

அன்புடன்,
குளிர்கடலில் தனியே இறங்கும் சர்ஃபர்கள்