அபராதம் டிரைவர் படியில் கழியக் கூடாது

காவிரி டெல்டா மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும் காவல் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

பள்ளி, அலுவலக நேரத்தில் நகருக்குள் கனரக லாரிகள் நுழையக் கூடாது என்ற தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இன்னும் கண்டிப்பு வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் தடையை மீறியதற்காக விதிக்கும் அபராதம் கடைசியில் யார் பையிலிருந்து போகிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

நான் அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வாடகைச் சீட்டு, எடைமேடைச் சீட்டு, அபராத ரசீது எல்லாம் ஒன்றாகக் குத்தப்பட்டு என் மேசைக்கு வரும். அபராத ரசீதின் மூலையில் "டிரைவர் கணக்கு" என்று பேனாவால் எழுதியிருப்பார்கள். டிரைவருக்குத் தரும் பேட்டாப் பணமான படியில் அது கழிந்துவிடும். வண்டி எண்ணுக்குத்தான் அபராதம் போடுகிறோம், உரிமையாளர்தான் பொறுப்பு என்று நீங்கள் சொல்லலாம். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால், "ஒன்பது மணிக்குள் லோடு இறங்கியாக வேண்டும்" என்று போனில் நெருக்கியவருக்கு ஒரு பைசா நட்டமில்லை. ஊருக்கு வெளியே காத்திருந்தால் டிரைவருக்கு ஏச்சு, உள்ளே வந்தால் படி போச்சு. மறுநாளும் அதே நேரத்துக்கு அதே லாரி வருவதில் என்ன ஆச்சரியம்?

சட்டம் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு இத்தகைய தடைக்கு வழி செய்கிறது. அதை மீறினால் தண்டனை 194-ஆவது பிரிவில். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதன் அபராதம் 20,000 ரூபாய். வண்டியை ஓட்டுகிறவரோடு, ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட அனுமதிக்கிறவரையும் அந்தப் பிரிவு சேர்த்தே பிடிக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகாமல் நேரடியாகக் கட்டித் தீர்த்துக்கொள்ளும் தொகையை மாநில அரசு நிர்ணயிக்க 200-ஆவது பிரிவு இடம் தருகிறது. தொகை எவ்வளவு என்பதில் எனக்கு வாதமில்லை. அனுப்பியவர் யார் என்ற கேள்வியைச் சாலையிலேயே கேளுங்கள் என்கிறேன். ஒரே வண்டி திரும்பத் திரும்ப மாட்டினால் உரிமையாளரை நேரில் வரவழையுங்கள்.

அறிவிப்புப் பலகையையும் அதே 115-ஆவது பிரிவு கட்டாயமாக்குகிறது. எங்கள் ஊர்ப் பலகையை ஒருமுறை போய்ப் பாருங்கள். தடை நேரம் எழுதிய இடத்தின் மேல் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. பலகை நிற்பதும் திருப்பத்தைத் தாண்டி. லோடு ஏற்றிய பத்துச் சக்கர வண்டி அங்கே வந்துவிட்டால் பின்னால் எடுக்க முடியாது. வெளிமாநில டிரைவர் என்ன செய்வார்? பலகை புறவழிச்சாலை பிரியும் இடத்துக்கு முன்பே நிற்க வேண்டும். காத்திருக்க இடமும், குடிக்கத் தண்ணீரும், ஒரு கழிப்பறையும் பக்கத்திலேயே வேண்டும்.

இதையெல்லாம் டிரைவருக்காக மட்டும் கேட்கவில்லை. பெரிய லாரி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போவதில்லை, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடது முன்மூலையை ஒட்டி நிற்கும் சைக்கிள் டிரைவர் கண்ணுக்குப் படாது. வாய்க்கால் பாலத்தின் குறுகலில் அரசு கொடுத்த சைக்கிளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நிற்பது சரியாக அந்த மூலையில்தான். கைப்பிடிச் சுவருக்கும் லாரிக்கும் நடுவே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, புத்தகப் பையோடு நிற்பார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

நெல் லாரிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குறுவை அறுவடையும் மழையும் கைகோத்து வரும் மாதங்களில், கொள்முதல் நிலையத்தில் அடுக்கிய 40 கிலோ மூட்டைகள் நனையாமல் போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பு எனக்கும் உண்டு. சரக்கு ரயில் வந்து நின்றுவிட்டால் குறித்த நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் ரயில்வேக்குத் தாமதக் கட்டணம். அந்த அவசரத்தில்தான் தஞ்சாவூர், நீடாமங்கலம் போன்ற ஊர்களின் ரயிலடிக்கு நெல் லாரிகள் வரிசை கட்டுகின்றன. ஆனால் நெல் என்பதற்காகப் பள்ளி நேரத்தில் விலக்குக் கொடுத்தால், தடை என்ற ஒன்றே இல்லாமல் போகும். ரயில் வரும் நேரத்தையொட்டி இரவிலும் அதிகாலையிலும் நெல் இயக்கத்தை அமைக்கலாம். அதற்குச் சுமைதூக்கும் தொழிலாளருக்கு இரவு வேலைக்கான கூடுதல் கூலியும், ரயிலடியில் நல்ல வெளிச்சமும் வேண்டும். அரசின் சரக்கை ஏற்றும் ஒப்பந்தக்காரரே முதலில் கட்டுப்பட்டால்தான் தனியார் ஆலைக்காரரிடம் நீங்கள் கண்டிப்போடு பேச முடியும். நேரத் தடையை மீறியதற்கான அபராதத்தை டிரைவர் கூலியில் பிடிக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் அந்த ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த குறுவை நெல் களத்துக்கு வருமுன் ஆலை உரிமையாளர்கள், லாரி உரிமையாளர்கள், டிரைவர்கள், ரயில்வே, நுகர்பொருள் வாணிபக் கழகம் எல்லோரையும் ஒரே கூட்டத்துக்கு அழையுங்கள். டிரைவர்களுக்கு அதில் பேச இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
டெல்டாவின் அரிசி ஆலைக் கணக்கர் ஒருவர்