அசையாத தகட்டில் ஓடும் வெளிச்சம்

வாஷிங்டன்

அன்புள்ள அண்ணா,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது? குளிர் விட்டுவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளோடு வெளியே கிளம்பிவிடுகிறோம். இந்த ஊரில் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. தேசியக் கலைக்கூடத்தின் சிற்பத் தோட்டமும் அப்படித்தான். அங்கே பார்த்த ஒன்றைச் சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் 1965இல் செய்த ‘க்யூபி 26’ என்ற சிற்பம். ஆள் உருவமோ சாமி உருவமோ இல்லை. எவர்சில்வர் தகடுகளைப் பற்றவைத்துச் செய்த பெட்டிகளும் உருளைகளும் சாய்வாக ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஏறக்குறைய பத்தடி உயரம். நம் சேலம் உருக்காலையில் உருட்டுகிற அதே வகை உலோகம்தான். ஆனால் அவர் அதைக் கண்ணாடி போல மெருகேற்றாமல், உலோகம் தேய்க்கும் கிரைண்டரால் தகடு முழுக்க வளைவு வளைவாகக் கீறிவிட்டிருக்கிறார். நம் பட்டறையில் அப்படிக் கீறல் விழுந்த உருப்படியை அப்பா கடைக்கு அனுப்பவே மாட்டார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கீறலும் மெல்லிய பள்ளம். வெளிச்சம் சரியான கோணத்தில் பட்டால்தான் கண்ணுக்கு மின்னும். கீறல் வளைந்திருப்பதால், நாம் ஓரடி நகர்ந்தால் மின்னும் இடமும் அந்த வளைவிலேயே வழுக்கிப் போகிறது. பக்கத்துக் கீறலின் திசை வேறு. அதன் மினுக்கம் வேறு பக்கம் ஓடுகிறது. தகட்டின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்பதே பிடிபடவில்லை. சாய்ந்த பெட்டிகள் அடுத்த அடி எடுத்து வைக்கப்போகின்றன என்றே தோன்றியது. மேகம் மறைத்ததும் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. “அம்மா, நின்றுவிட்டது!” என்று கத்தினாள் பெரியவள்.

கொலுசு மணியில் பட்டை வெட்டும்போது நீங்கள் செய்வதும் இதைத்தானே அண்ணா? கொலுசில் கால் நடக்கிறது, வெட்டு மின்னுகிறது. இங்கே சிற்பம் நிற்க, பார்க்கிறவர் நடக்கிறார்.

அதே தோட்டத்தில் ஜார்ஜ் ரிக்கி செய்த நான்கு கனசதுரங்கள் காற்றில் உண்மையாகவே அசைகின்றன. அழகுதான். இருந்தாலும் அசையாத ஒன்றை அசைய வைத்ததே பெரிய வேலை என்று எனக்குப் படுகிறது.

ஸ்மித் தொழிற்சாலையில் கை பழகியவர். 1925இல் கார் தொழிற்சாலையில் வேலை செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது ரயில் என்ஜின் தொழிற்சாலையில் வெல்டிங். க்யூபி வரிசையில் 28 சிற்பங்கள் செய்தார். 1965இலேயே சாலை விபத்தில் இறந்துவிட்டார்.

ஒரு வேண்டுகோள். கழிவுத் தகடு ஒன்றில் பாதிக்கு மெருகு போட்டு, மறுபாதியைக் கிரைண்டரால் பல திசைகளில் வளைத்து வளைத்துத் தேயுங்கள். வாசல் வெயிலில் சாய்த்து வைத்து, காலையிலும் சாயங்காலமும் அதன் முன்னால் நடந்து பாருங்கள். போட்டோவில் இது தெரியாது, வீடியோவாக எடுத்து அனுப்புங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொட வேண்டாம். அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை