பெட்டியில் இருக்கும் பொடி எழுத்து

அன்புள்ள செல்விக்கு,

உன் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்களைத் தங்கை கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை போலும். இருக்கட்டும். அந்தப் பச்சை யானையை விட்டு என் கண் நகரவில்லை. பிள்ளைகளை இப்படித் துணிந்து வரையவிட எல்லா ஆசிரியர்களுக்கும் மனம் வராது.

வண்ணப் பெட்டியில் டி-4236 என்று போட்டிருக்கிறது, பயமில்லை என்று சொன்னாயாம். அந்த அமெரிக்கத் தர எண் அபயம் தரும் முத்திரை அல்ல. நச்சியல் வல்லுநர் பரிசீலித்து, நாள்பட்ட கேடு உண்டென்றால் எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அமெரிக்காவில் 1988-இல் சட்டம் போட்டு அதைக் கட்டாயமாக்கினார்கள். கேடுள்ள பொருளிலும் அதே எண் இருக்கும். ஆகவே பொடி எழுத்தைப் படி. எச்சரிக்கை இருந்தால் ஆறாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளிடம் அதைக் கொடுக்கக் கூடாது.

யாராவது பழைய வண்ண டப்பாக்களை இலவசமாகத் தந்தால் வாங்காதே. அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய குரோம் மஞ்சள் வண்ணத்தில் ஈயம் இருந்தது. கை கழுவாமல் அவரை இலையில் உட்காரவிட்டேனா? உனக்கு நினைவிருக்கும்.

தூள் வண்ணத்தை வேறு யாராவது கரைக்கட்டும், நீ வேண்டாம். கரைத்தே விற்பதை வாங்கினால் இன்னும் நல்லது. களிமண் காய்ந்து உதிர்ந்தால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, சிலிக்காத் தூள் பறந்து நுரையீரலில் தங்கும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அதற்கு ஆள் இருக்கிறார்களா? நீ குனிந்து துடைக்காதே.

நெடியடிக்கும் மார்க்கர், ரப்பர் பசை, ஸ்பிரே எதுவும் வகுப்புக்குள் வேண்டாம். தண்ணீரில் கழுவினால் போகும் மையும் வெள்ளைப் பசையும் போதும். பழ வாசனை மார்க்கரும் வேண்டாம், சின்னதுகள் நக்கிப் பார்க்கும். கரைப்பான் நெடி பிள்ளைகளுக்கு ஆகாது, உனக்கும் இப்போது ஆகாது.

இப்போது என்று ஏன் எழுதினேன் என்று கேட்காதே. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை, அத்தையிடம்கூட.

மறுபடியும் சொல்கிறேன், தூளைக் கரைக்காதே. சாப்பாட்டு டப்பாவில் வண்ணம் ஊற்றி வைக்காதே. டாக்டரிடம் போனால், வகுப்பில் புழங்கும் பொருள்களின் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டு. எதற்காகப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. தாளை மட்டும் மறந்துவிடாதே.

அம்மா