ஆற்றங்கரையில் நம் தொங்கான்காரர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்

சிங்கப்பூர் ஆற்றங்கரையின் மரபுடைமையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், ஆற்றில் சுற்றுலாப் படகு விடுவோருக்கும்,

வணக்கம்.

போன மாதம் அம்மாவைக் கிளார்க் கீயிலிருந்து படகில் கூட்டிப் போனேன். அவருக்கு வயது 78. தமிழும் கொஞ்சம் சந்தை மலாயும்தான் தெரியும். ஒலிபெருக்கி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் அவர் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கேவனா பாலத்தைத் தாண்டும்போது அம்மா கேட்டார்: "நம்ம ஆளுங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?" கரை ஏறும்வரை ஒரு வார்த்தை வரவில்லை.

அம்மாவின் அப்பா இந்த ஆற்றங்கரையின் போட் கீயில் மூட்டை தூக்கியவர். தொங்கான் என்ற சரக்குப் படகிலிருந்து கரைக்கு ஒரு ஒடுக்கமான பலகை போட்டிருப்பார்களாம். முதுகில் அரிசி மூட்டையோடு அதன்மேல் நடக்க வேண்டும். பலகை அமுங்கி எழும்பும். அது எழும்பும்போது கூடவே காலை எடுத்து வைத்தால் பாரம் தெரியாது, மாற்றி வைத்தால் ஆற்றுக்குள்தான் என்பாராம் தாத்தா. இதைச் சொல்லும்போது அம்மா உள்ளங்கையை மேலும் கீழும் அசைத்துக் காட்டினார், பலகை ஆடுவது போலவே.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவந்தவை தொங்கான்கள்தான். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்தத் தொழிலில் முன்னால் நின்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் என்ற தமிழ் முஸ்லிம்கள். அப்புறம்தான் அது சீனர்களின் கைக்குப் போனது. சூலியாக்கள் 1826-இல் தொடங்கிய ஜாமிஆ பள்ளிவாசல் இன்றும் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. சூலியா ஸ்திரீட்டும் ஆற்றுக்குப் பக்கத்தில்தான்.

1977-இல் தொடங்கி 10 ஆண்டுகளில் இந்த ஆற்றைச் சுத்தம் செய்தது பெரிய சாதனை. அந்த நாற்றத்தை அறிந்த யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் 1983-இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங் போனபோது, படகோடு சேர்ந்து கதைகளும் போய்விட்டன. கேவனா பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1869-இல் கட்டிய தாழ்வான பாலம் அது. நீர் ஏற்றத்தின்போது சரக்குப் படகு அடியில் நுழையாது, வற்றும்வரை காத்துக் கிடக்க வேண்டும். 2008-இல் மரினா அணைக்கட்டு வந்தபின் கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் வருவதில்லை. ஆகவே பாலத்தடியில் நின்று பார்க்கிற பிள்ளைக்கு இது தானாகப் புரியாது, யாராவது சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரையில் செட்டியாருக்குச் சிலை வைத்திருக்கிறீர்கள். பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சிதான். கடன் கொடுத்தவருக்கு இடம் கொடுத்த கரையில், துடுப்புப் போட்டவருக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கேவனா பாலத்தருகே தொங்கான்காரர்களைப் பற்றித் தமிழிலும் ஒரு தகவல் பலகை வையுங்கள். படகில் தமிழ் ஒலிப்பதிவு ஒன்று வேண்டும். அதில் சூலியாக்களின் பெயர் வர வேண்டும், மூட்டை சுமந்த முதுகுகளும் வர வேண்டும்.

தமிழில் எழுதித்தர ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன், காசு வேண்டாம். அம்மாவையும் கூட்டி வருகிறேன். தொங்கான் பலகை எப்படி ஆடும் என்று அவரே காட்டுவார்.

அன்புடன்,
போட் கீயில் மூட்டை சுமந்தவரின் பேத்தி