கங்கர் புயென்சும் சிகரத்துக்காக ஒரு ஷரத்து

பூட்டான், சீன எல்லைப் பேச்சுவார்த்தைக் குழுவினருக்கு,

வணக்கம். 1984 முதல் நீங்கள் நடத்திவரும் பேச்சுவார்த்தையில் டோக்லாம், ஜகர்லுங், பசம்லுங் ஆகிய சர்ச்சைக்குரிய பகுதிகளின் பெயர்களே பெரிதும் அடிபடுகின்றன. உங்கள் இரு நாடுகளின் எல்லைப் பகுதியில் 7,570 மீட்டர் உயரத்தில் நின்று, மனிதர் இதுவரை ஏறாத சிகரங்களுள் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் கங்கர் புயென்சும் குறித்தும் உங்கள் கவனத்தை வேண்டியே இம்மடலை எழுதுகிறேன்.

பூட்டான் 1983இல் மலையேற்றத்துக்கு அனுமதி அளித்தபின், 1985, 1986 ஆண்டுகளில் இச்சிகரத்தை நாடிச் சென்ற குழுக்கள் உச்சியை எட்டாமலே திரும்பின. சிகரங்களைத் தெய்வங்களின் உறைவிடமாகப் போற்றும் தன் மக்களின் உணர்வை மதித்து, 1994இல் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறுவதை அந்நாடு தடைசெய்தது. 2003இல் மலையேற்றத்தை அடியோடு நிறுத்தியது. அந்நியச் செலாவணி தேவைப்படும் ஒரு சிறிய நாட்டுக்கு இது எளிய முடிவன்று.

ஆயினும் அத்தடை தெற்குச் சரிவோடு நின்றுவிடுகிறது. 1998இல் திபெத் பக்கமாக ஏறச் சீனத் தரப்பு ஜப்பானியக் குழு ஒன்றுக்கு அளித்த அனுமதி, எல்லைச் சிக்கலால் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டே ஜப்பானியர்கள் 7,535 மீட்டர் உயரமுள்ள லியாங்காங் காங்ரியில் ஏறிவிட்டனர். அங்கிருந்து கங்கர் புயென்சும் வரை முகடு தொடர்கிறது. ஆக, வடக்கே இம்மலையைக் காத்தது உங்களுக்கிடையிலான பிணக்குதான். 2021இல் நீங்கள் கையெழுத்திட்ட மூன்று படி வழித்திட்டம் நிறைவேறி எல்லை தீர்ந்துவிட்டால், வரவேற்கத்தக்க அந்த நாளிலேயே இக்காவலும் நீங்கிவிடக்கூடும் என்பதுதான் என் கவலை.

மலையேறுவோரின் வேட்கையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1955இல் கஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறிய பிரிட்டிஷ் குழுவினர், சிக்கிம் மன்னருக்கு அளித்த வாக்கின்படி உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுகொண்டனர். அத்தகைய பெருந்தன்மையை எல்லோரிடமும் எப்போதும் எதிர்பார்க்க இயலாது. எனவேதான் எழுத்துப்பூர்வமான ஏற்பாட்டைக் கோருகிறேன்.

எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும், இச்சிகரத்திலும் அதனை லியாங்காங் காங்ரியோடு இணைக்கும் முகட்டிலும் ஏற இரு நாடுகளும் எவருக்கும் அனுமதி அளிப்பதில்லை என்ற ஷரத்தை இறுதி ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். அடிவாரத்து மேய்ச்சலையும் வழிபாட்டையும் அது தடுக்கலாகாது. பனியாறுகளை அளக்கும் ஆய்வுகளுக்கும் விலக்கு அளிக்கலாம். அப்பணிக்கு உச்சியில் கால் பதிக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
மலையேற்ற வரலாற்று ஆர்வலர் ஒருவர்