'மனிதத் தவறு' என்று மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரயில் விபத்து, மருத்துவமனைக் குளறுபடி, தேர்வு வினாத்தாள் குழப்பம் என எது நடந்தாலும், 'மனிதத் தவறே காரணம்' என்று ஒரு வரியில் செய்தியை முடிக்கும் வழக்கம் தமிழ் நாளிதழ்களில் வேரூன்றிவிட்டது. விசாரணை அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அவற்றில் மிஸ்டேக், எரர், ஸ்லிப், லாப்ஸ், நெக்லிஜென்ஸ் (கவனக்குறைவு), பிளண்டர் (பெருந்தவறு) என்று இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு சொற்கள் ஆளப்படுகின்றன. தமிழுக்கு வரும்போது இவை அனைத்தும் 'தவறு' ஆகிவிடுகின்றன. யார் பொறுப்பு, எந்த அளவுக்குப் பொறுப்பு என்ற தகவல் அந்த இடத்திலேயே தொலைந்துபோவதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் 'மிஸ்டேக்' எல்லாத் தவறுகளுக்கும் பொதுவான சொல்தான். ஆயினும், மனிதர்கள் தவறு செய்யும் விதங்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், 1990-இல் வெளியான தமது நூலில் அச்சொல்லைக் குறிப்பிட்ட ஒரு வகைக்கு மட்டும் ஒதுக்கினார். செய்ய நினைத்தது சரியாக இருந்து, செய்யும்போது கை பிசகினால் அது ஸ்லிப். செய்ய வேண்டியது நினைவிலிருந்து நழுவினால் லாப்ஸ். எல்லாம் நினைத்தபடியே நடந்தும், நினைத்ததே தவறாக இருந்தால் அதுதான் மிஸ்டேக். விதியைத் தெரிந்தே மீறுவதை இவற்றுடன் கலக்காமல் அவர் தனியே வைத்தார். ஒரு செவிலியர் சரியான மருந்தை எடுக்கப் போய், அதே நிற மூடி போட்ட பக்கத்துக் குப்பியை எடுத்துவிடுவது முதல் வகை. மதியம் போட வேண்டிய ஊசியை வேலை நெருக்கடியில் மறந்துவிடுவது இரண்டாம் வகை. மருத்துவர் நோயையே தவறாகக் கணித்துவிட்டு, அந்தக் கணிப்புக்கு உரிய மருந்தை ஒரு குறையும் இல்லாமல் கொடுப்பது மூன்றாம் வகை. முதலாவதற்குக் குப்பியின் மூடியை மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு நினைவூட்டும் அட்டவணை வேண்டும், மூன்றாவதற்குப் பயிற்சி வேண்டும். மூன்றையும் 'தவறு' என்றே எழுதினால், தீர்வு என்று வாசகர் மனத்தில் எஞ்சுவது பணியிடை நீக்கம் ஒன்றுதான்.

அரசு அறிக்கைகளில் 'லாப்ஸ்' என்பது வெறும் மறதியோடு நிற்பதில்லை. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநாகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், மெயின் லைனில் செல்லப் பச்சை சிக்னல் கிடைத்தும் பக்கவாட்டுப் பாதையான லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. தடம்புரண்ட பெட்டிகள் எதிர்த்திசையில் கடந்துகொண்டிருந்த பெங்களூரு–ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளையும் சாய்த்தன. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்னல் மின்சுற்றில் முன்பு செய்த மாற்றத்திலும், 94-ஆம் எண் லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் பணியிலும் நேர்ந்த 'லாப்ஸ்'களே காரணம் என்று அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில் அரசு தெரிவித்தது. லெவல் கிராசிங் அருகே இருந்த பெட்டிக்குள் கம்பிகளின் பெயர்க்குறிப்புகள் தவறாக இருந்தன. பல ஆண்டுகளாக அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த நிலையம் அடங்கிய கரக்பூர் ரயில்வே கோட்டத்திலேயே 2022 மே மாதம் தவறான கம்பி இணைப்பால் இதே போன்ற கோளாறு நேர்ந்ததையும், அப்போதே சரிசெய்திருந்தால் இவ்விபத்து நடந்திருக்காது என்பதையும் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. ஒரு கம்பியை இடம் மாற்றிச் சொருகியது கைப்பிசகாக இருக்கலாம். வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காததும், முந்தைய எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாததும் கைப்பிசகு ஆகா. அவை கடமையிலிருந்து வழுவியவை. அந்தப் பொறுப்பு கம்பியைத் தொட்டவரோடு முடிவதில்லை.

சட்டத்தில் இந்த வேறுபாடு ஒருவரது வாழ்க்கையையே தீர்மானிக்கிறது. விபத்து நடந்தபோது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்குரிய 304-ஏ பிரிவின்படி அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டுகள். மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்வதற்குரிய 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியின்படி 10 ஆண்டுகள் வரை சிறை. இவ்வழக்கில் மூன்று ஊழியர்கள் மீது சிபிஐ தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றது 10 ஆண்டுகள் வரை சிறை விதிக்கும் பிரிவு. எது பொருந்தும் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். கவனக்குறைவு என்றும், அலட்சியம் என்றும், தெரிந்தே செய்தது என்றும் ஒரே செய்தியில் மாற்றி மாற்றி எழுதினால், தீர்ப்புக்கு முன்பே நாம் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறோம்.

நீதிமன்றமும் தன் பிசகுகளைத் தரம் பிரித்தே பார்க்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு, தீர்ப்பில் நேர்ந்த எழுத்து, கணக்குப் பிழைகளையும், தற்செயலாக விடுபட்டவற்றையும் எப்போது வேண்டுமானாலும் திருத்த அனுமதிக்கிறது. தீர்ப்பின் முடிவே தவறு என்று கருதுபவர் மேல்முறையீட்டுக்குத்தான் போக வேண்டும். புள்ளியியலில் 'எரர்' என்பதற்கு யார்மீதும் குறை சொல்லும் பொருளே கிடையாது. கருத்துக்கணிப்புச் செய்திகளில் அதைத் 'தவறு விழுக்காடு' என்று எழுதினால், கணக்கெடுத்தவர்கள் ஏதோ தப்பு செய்ததுபோல் ஆகிவிடுகிறது. 'பிழை வரம்பு' என்பதே பொருத்தம்.

இவற்றுக்கெல்லாம் சொல் தேடி நாம் எங்கும் போக வேண்டியதில்லை. கைதவறி, வாய்தவறி, ஞாபகப் பிசகாக என்று நாள்தோறும் பேசுகிறோம். ஸ்லிப், லாப்ஸ் இரண்டையும் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. மொழியில் நேரும் பிழையைத் தொல்காப்பியர் காலம் முதல் 'வழு' என்று பெயரிட்டு வகைப்படுத்தியிருக்கிறோம். திருக்குறளில் 'பொச்சாவாமை', அதாவது மறவாமை, என்று ஓர் அதிகாரமே உண்டு. 'முன்னுறக் காவாது இழுக்கியான் தன்பிழை பின்னூறு இரங்கி விடும்' என்ற அதன் ஐந்தாம் குறளில், முன்கூட்டியே காக்கத் தவறி வழுக்கியதற்கு 'இழுக்கியான்' என்று ஒரு சொல்லும், அதனால் விளைந்ததற்குப் 'பிழை' என்று வேறு சொல்லும் இருப்பதைக் கவனிக்கலாம். பழைய சொற்கள் எல்லாம் இன்று உதவும் என்று நான் சொல்லவில்லை. அதே அதிகாரத்தில் மறதியைக் குறிக்கும் 'சோர்வு' இன்று களைப்பைத்தான் குறிக்கும். அதைச் செய்தியில் எழுதினால் குழப்பமே மிஞ்சும். ஆனால் 'பணியில் வழுவினார்', 'கவனக்குறைவு', 'அலட்சியம்', 'தப்புக்கணக்கு' ஆகியவை எல்லோருக்கும் புரிபவை. 1919-இல் மக்களை ஆயத்தப்படுத்தாமல் சட்டமறுப்பைத் தொடங்கியதைத் தமது இமாலயத் தப்புக்கணக்கு என்றார் காந்தியடிகள். இன்று நாம் சின்னச் சறுக்கலுக்கும் 'இமாலயத் தவறு' என்று தலைப்பிடுகிறோம்.

விபத்துச் செய்திகளை மொழிபெயர்க்கும் உதவி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிக்கையில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எழுதாமல், யார் எதைச் செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பதை வினையாகவே எழுதுங்கள். 'மனிதத் தவறு' என்பதற்குப் பதில் 'இணைப்பைச் சரிபார்க்காமல் சிக்னலை இயக்க அனுமதித்தனர்' என்று எழுதினால் கூடுதலாக ஒரு வரிதான் தேவைப்படும். விசாரணை முடியும்வரை காரணம் தெரியவில்லை என்றே எழுதலாம். முதல் நாள் எழுதிய காரணம் பின்னர் மாறினால், அந்தத் திருத்தத்தை உள்பக்க மூலையில் போடாமல், முதல் செய்தி வந்த பக்கத்திலேயே வெளியிடவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.